ஜாவாவில் டேட்டா ஸ்ட்ரக்சர் பழகுகிறீர்களா? கோளாறு என்னவென்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரி 11 மணிக்கு மேல் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிவப்பு எழுத்தில் ஒரு எரர், கீழே "அண்ணே, லாஜிக் எல்லாம் சரிதான், ஆனா ஓடமாட்டேங்கு". லாஜிக் உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கும், அதுதான் வேடிக்கை. கோளாறு வேறு இடத்தில் இருக்கும். பலருக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறைகள்) பாடம் சி மொழியிலும் ஓஓபி (கிளாஸ், ஆப்ஜெக்ட் வைத்து எழுதும் முறை) பாடம் ஜாவாவிலும் நடக்கிறது, சி-யில் நட்சத்திரக் குறி, அம்புக்குறி என்று கண்ணுக்கு முன்னால் நின்ற பாயின்டர் (தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் வேரியபிள்) ஜாவாவுக்கு வந்ததும் பதுங்கிக்கொள்கிறது, ஆனால் ஊரை விட்டுப் போய்விடவில்லை. வேரியபிளில் இருப்பது வீடு அல்ல, வீட்டு விலாசம் எழுதிய துண்டுச்சீட்டு. கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். கோடு வரிகளைத் தமிழெழுத்திலேயே தந்திருக்கிறேன். கிளாஸ், வேரியபிள் பெயர்களைத் தமிழில் வைத்தால் ஜாவா மறுப்பதில்லை. நியூ, நல் (விலாசம் எதுவும் எழுதாத வெற்றுச் சீட்டு), திஸ் போன்ற ஜாவா தனக்கென ஒதுக்கிய சொற்களையும் ஜாவாவோடு வரும் கிளாஸ், மெத்தட் பெயர்களையும் மட்டும் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மாதிரித் தரவுக்கு நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயில் பாதையை எடுத்துக்கொள்கிறேன், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை மாறாமல் வருவதால் லிங்க்டு லிஸ்ட்டுக்கு (ஒவ்வொரு நோடும் தனக்கு அடுத்த நோடின் விலாசத்தை நெக்ஸ்ட்டில் வைத்திருக்கும் பட்டியல், முதல் நோடைக் காட்டுவது ஹெட், கடைசியைக் காட்டுவது டெயில்) இதைவிடப் பொருத்தமானது நம் மாவட்டத்தில் இல்லை: நாகர்கோவில் சந்திப்பு, நாகர்கோவில் டவுன், வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி, குழித்துறை, குழித்துறை மேற்கு, அப்புறம் கேரள எல்லை தாண்டிப் பாறசாலை.

நல் பாயின்டர் எக்செப்ஷன் வருகிறது

முதலில் எரரை முழுதாகப் படியுங்கள். முதல் வரியைப் படித்துவிட்டு, அதற்குக் கீழே வரும் வரிகளில் உங்கள் ஃபைல் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அந்த வரி எண்ணுக்குப் போங்கள், நடுவில் உள்ள ஜாவாவின் சொந்த கிளாஸ் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜாவா 15 முதல் எது நல்-ஆக இருந்தது என்பதையும் அந்த முதல் வரியே சொல்லிவிடும் (14-இலேயே வந்த வசதிதான், ஆனால் அப்போது நாமாக இயக்க வேண்டியிருந்தது). லேபில் ஜாவா 8 போட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது, வரி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேட வேண்டியதுதான். வேரியபிள் பெயருக்குப் பதில் "லோக்கல்1" என்று வந்தால் கம்பைல் செய்யும்போது மைனஸ் ஜி சேர்த்துக் கொடுங்கள், பெயர் வரும்.

இனி காரணங்கள். அடிக்கடி பார்ப்பது இது:

நிலையம்[] பட்டியல் = நியூ நிலையம்[8];
பட்டியல்[0].பெயர் = "இரணியல்";

முதல் வரி 8 நிலையங்களை உண்டாக்கியது என்று நினைக்கிறோம். இல்லை. 8 வெற்றுச் சீட்டுகளை உண்டாக்கியது, ஒவ்வொன்றிலும் நல். லூப் போட்டு ஒவ்வொரு இடத்திலும் நியூ நிலையம் என்று வைத்த பிறகுதான் பெயர் கொடுக்க முடியும்.

அடுத்தது கன்ஸ்ட்ரக்டர். "கன்ஸ்ட்ரக்டரில் பெயர் கொடுத்தேனே, பிறகு எப்படி நல்?" என்று கேட்டால் இரண்டு இடம் பாருங்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள் பெயர் = பெயர் என்று எழுதியிருந்தால் பாராமீட்டர் தனக்குத் தானே மதிப்பைக் கொடுத்துக்கொள்கிறது, ஆப்ஜெக்டின் ஃபீல்டு தொடப்படவே இல்லை. திஸ்.பெயர் = பெயர் என்று மாற்றுங்கள். இரண்டாவது கொஞ்சம் கள்ளத்தனமானது: கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் வாய்டு என்று பழக்கதோஷத்தில் அடித்திருப்பீர்கள். அடித்தால் அது கன்ஸ்ட்ரக்டரே அல்ல, கிளாஸ் பெயரையே கொண்ட ஒரு சாதாரண மெத்தட், யாரும் கூப்பிடாமல் சும்மா கிடக்கும். நியூ நிலையம்() என்று காலி அடைப்பு போட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, அதனால்தான் கண்டுபிடிக்க நேரமாகிறது.

லிங்க்டு லிஸ்ட்டில் வந்தால் லூப்பின் நிபந்தனையைப் பாருங்கள். லிஸ்ட்டில் நடந்து போகும் வேரியபிளுக்கு இப்போது என்று பெயர் வைத்தால், எல்லா நிலையத்தையும் பார்க்க "இப்போது என்பது நல் தானா?" என்று கேட்க வேண்டும், கடைசி நிலையத்தில் போய் நிற்க வேண்டுமானால் "இப்போது.நெக்ஸ்ட் என்பது நல் தானா?" என்று கேட்க வேண்டும். இரண்டாவதை எழுதியவர்கள் காலி லிஸ்ட்டில் மாட்டுவார்கள், ஏனென்றால் அங்கே இப்போது என்பதே நல். எந்த லிஸ்ட் மெத்தட் எழுதினாலும் காலி லிஸ்ட், ஒரே ஒரு நோட் உள்ள லிஸ்ட் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

பிரின்ட் செய்தால் கிளாஸ் பெயரும் அட் குறியும் புரியாத எண்ணும் வருகிறது

எரர் இல்லை. டூ ஸ்ட்ரிங் மெத்தடை எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதுங்கள். நோட் கிளாஸுக்கு எழுதும்போது அதற்குள் நெக்ஸ்ட்டையும் சேர்த்து பிரின்ட் செய்ய வேண்டாம், ஒன்று அடுத்ததைக் கூப்பிட, அது அதற்கடுத்ததைக் கூப்பிட, லிஸ்ட்டில் சுழற்சி இருந்துவிட்டால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் (கூப்பிட்டுக் கூப்பிட்டு இடம் நிரம்பிவிடும் எரர்) போய் நிற்கும்.

எண் கேட்டது, அடுத்து பெயர் கேட்காமலே தாண்டிவிட்டது

ஸ்கேனரில் நெக்ஸ்ட் இன்ட் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்கள் தட்டிய என்டரை அங்கேயே விட்டுவிடும், பின்னால் வரும் நெக்ஸ்ட் லைன் அந்த மிச்ச என்டரை எடுத்துக்கொண்டு காலியாகத் திரும்பும். இடையில் ஒரு நெக்ஸ்ட் லைனைச் சும்மா கூப்பிட்டுவிடுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, ஆனாலும் "இன்சர்ட் வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களில் சிலருக்குக் கடைசியில் இதுதான் காரணமாக இருக்கும்.

10 பேரைச் சேர்த்தேன், 10-லும் கடைசிப் பெயரே இருக்கிறது

நியூ என்ற வார்த்தை லூப்புக்கு வெளியே இருக்கிறதா பாருங்கள். வெளியே ஒரே ஓர் ஆப்ஜெக்டை உண்டாக்கி, லூப்புக்குள் அதன் பெயரை மாற்றி மாற்றி லிஸ்ட்டில் சேர்த்தால் லிஸ்ட்டில் 10 சீட்டு இருக்கும், பத்திலும் ஒரே விலாசம். கடைசியாக என்ன பெயர் வைத்தீர்களோ அதுதான் எல்லாவற்றிலும் தெரியும். நியூவை லூப்புக்குள் கொண்டு போங்கள்.

நியூ உள்ளேதான் இருக்கிறது, இருந்தும் இப்படி என்றால் ஃபீல்டுக்கு முன்னால் ஸ்டாட்டிக் இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் மெத்தடிலிருந்து கூப்பிடும்போது "ஸ்டாட்டிக் இல்லாததை இங்கிருந்து கூப்பிட முடியாது" என்று கம்பைலர் சொல்லும், உடனே பிள்ளைகள் கண்ணில் கண்ட எல்லாவற்றுக்கும் ஸ்டாட்டிக் போட்டுக் கம்பைலரைச் சமாதானம் செய்துவிடுவார்கள். பிறகு இரண்டு லிங்க்டு லிஸ்ட் உண்டாக்கினால் இரண்டுக்கும் ஒரே ஹெட். ஒன்றில் குளச்சல் படகுகளையும் மற்றதில் முட்டம் படகுகளையும் சேர்த்தால் எதை பிரின்ட் செய்தாலும் இரண்டும் கலந்து வரும். ஸ்டாட்டிக்கை எடுத்துவிட்டு மெயினில் ஓர் ஆப்ஜெக்ட் உண்டாக்கி அதன் வழியாகக் கூப்பிடுவதுதான் சரி.

பைத்தானில் பழகுகிறவர்களுக்கு இதே நோய் வேறு வேஷத்தில் வரும்: காலி லிஸ்ட்டை இனிட்டுக்குள் செல்ஃப் போட்டு எழுதாமல் கிளாஸின் கீழே நேராக எழுதுவது, அல்லது ஃபங்ஷன் பாராமீட்டருக்கு டிஃபால்ட்டாகக் காலி லிஸ்ட் கொடுப்பது. இரண்டிலும் லிஸ்ட் ஒன்றே ஒன்றுதான், எல்லாரும் அதையே பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

லிங்க்டு லிஸ்ட்: ஒரே பெயர் நிற்காமல் வருகிறது, அல்லது பாதிப் பட்டியலைக் காணோம்

இதற்கு மட்டும் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். டீபக்கரை (கோடை வரி வரியாக ஓட்டிக் காட்டும் கருவி) பிறகு பார்க்கலாம்.

இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவே பள்ளியாடியைச் சேர்க்கிறோம் என்று வைப்போம். முன் என்பது இரணியல் நோட், புதிது என்பது பள்ளியாடி நோட். பலர் எழுதுவது:

முன்.நெக்ஸ்ட் = புதிது;
புதிது.நெக்ஸ்ட் = முன்.நெக்ஸ்ட்;

ஒவ்வொரு வரிக்கும் பேப்பரில் அம்பு போடுங்கள். முதல் வரி முடிந்ததும் இரணியலின் அம்பு பள்ளியாடிக்கு வந்துவிட்டது. குழித்துறையை அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஓர் அம்புதான், அது போனதும் குழித்துறை, குழித்துறை மேற்கு, பாறசாலை மூன்றுக்கும் போக வழியில்லை, வேறு எந்த வேரியபிளும் அவற்றைக் காட்டாவிட்டால் ஜாவாவின் குப்பை வண்டி எப்போது வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். இரண்டாம் வரியில் முன்.நெக்ஸ்ட் என்பது இப்போது யார்? பள்ளியாடியேதான். ஆக பள்ளியாடியின் அம்பு பள்ளியாடிக்கே. பிரின்ட் செய்தால் சந்திப்பு, டவுன், வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி, பள்ளியாடி, பள்ளியாடி என்று கன்ட்ரோல் சி அடிக்கும்வரை ஓடும். இரண்டு வரிகளையும் மேல் கீழாக மாற்றினால் முடிந்தது. புதியவர் முதலில் அடுத்தவர் கையைப் பிடிக்க வேண்டும், அதன் பிறகுதான் பழைய பிடி விடலாம்.

ஒரே பெயர் அல்ல, இரண்டு பெயர்கள் மாறி மாறி வருகின்றன என்றால் அது லிஸ்ட்டைத் திருப்பிப் போடும் ரிவர்ஸ் மெத்தடின் கைவேலை. பாறசாலையிலிருந்து ஒழுங்காகத் திரும்பி வரும், கடைசியில் டவுன், சந்திப்பு, டவுன், சந்திப்பு என்று ஆடிக்கொண்டே இருக்கும். பழைய ஹெட்டான சந்திப்பின் நெக்ஸ்ட்டை நல் ஆக்காமல் விட்டதுதான் காரணம், அது இன்னமும் டவுனைக் காட்டுகிறது, டவுன் திரும்பி அதைக் காட்டுகிறது. ரிவர்ஸ் எழுதும்போது முந்தையது என்ற வேரியபிளை ஹெட்டில் தொடங்காமல் நல்லில் தொடங்கினால் இந்தத் தொந்தரவே வராது.

முதல் தடவை பிரின்ட் சரியாக வந்தது, இரண்டாம் தடவை காலி. இதுவும் அடிக்கடி வரும். பிரின்ட் மெத்தடுக்குள் ஹெட் = ஹெட்.நெக்ஸ்ட் என்று ஹெட்டையே நகர்த்திக்கொண்டு போயிருப்பீர்கள். நடப்பதற்கு வேறு ஒரு வேரியபிள் வைத்துக்கொள்ளுங்கள், ஹெட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

சைஸ் கூடுகிறது, ஆனால் புதிதாகச் சேர்த்தது பிரின்ட்டில் வரவில்லை என்றால் டெயில் வேரியபிளைச் சந்தேகப்படுங்கள். கடைசி நோடை நீக்கும் மெத்தட் டெயிலை ஒரு படி பின்னால் கொண்டு வர மறந்திருக்கும், டெயில் இன்னும் நீக்கப்பட்ட நோடையே காட்டும், நீங்கள் சேர்ப்பதெல்லாம் அந்தச் செத்த நோடுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் நோடை நீக்கும்போது மட்டும் கோடு உடைகிறது என்பவர்கள் ஹெட்டுக்கு முன்னால் ஒரு போலி நோட் வைத்துப் பாருங்கள். "முன்னால் யாரும் இல்லை" என்ற தனிக் கேஸே ஒழிந்துவிடும். பரீட்சையில் போலி நோட் போட்டால் மார்க் குறைப்பார்களோ என்று சிலருக்குப் பயம், என்னைக் கேட்டால் நாலு இஃப் எழுதிக் குழம்புவதற்கு அது எவ்வளவோ மேல்.

ட்ரீ: இன்சர்ட் செய்தேன், ரூட் இன்னும் நல்

மெத்தடுக்குள் இப்படி இருக்கும்: ரூட் (ட்ரீயின் உச்சி நோட்) நல்-ஆக இருந்தால் ரூட் = நியூ நோட்(மதிப்பு). படிக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் மெத்தடுக்குக் கொடுத்தது சீட்டின் நகல். நகலில் புது விலாசம் எழுதினால் வெளியே இருக்கும் அசல் சீட்டு மாறாது. சி-யில் இதற்குத்தான் இரட்டை நட்சத்திரம் போட்டோம், ஜாவாவில் அது கிடையாது, அதனால் மெத்தட் நோடைத் திருப்பித் தர வேண்டும், கூப்பிடுகிறவர் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்:

ரூட் = சேர்(ரூட், மதிப்பு);

ரிகர்ஷனுக்குள்ளும் (மெத்தட் தன்னையே கூப்பிடும் இடத்திலும்) இடப்பக்கம் போகும்போது நோட்.இடது = சேர்(நோட்.இடது, மதிப்பு) என்று வாங்கி வைக்க வேண்டும். பாதிப்பேர் வெளியே வாங்குவார்கள், உள்ளே விட்டுவிடுவார்கள். அப்போது முதல் மதிப்பு மட்டும் ட்ரீயில் இருக்கும், மற்றது எதுவும் இருக்காது. இந்த அறிகுறியைப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர் வந்தால் பேஸ் கேஸ் (ரிகர்ஷனை நிறுத்தும் நிபந்தனை) இருக்கிறதா என்று பார்ப்பீர்கள், அது எல்லாருக்கும் தெரியும். பேஸ் கேஸ் சரியாக இருந்தும் பெரிய தரவில் மட்டும் வருகிறதா? உள்ளே போட்ட எண்கள் ஏற்கெனவே வரிசைப்படி இருக்கின்றனவா பாருங்கள். 1, 2, 3 என்று ஏறுமுகமாகவே போட்டால் பைனரி சர்ச் ட்ரீ (சிறியது இடப்பக்கமும் பெரியது வலப்பக்கமும் போகும் ட்ரீ) மரமாக இல்லாமல் வலப்பக்கமாகச் சாய்ந்த ஒரு லிங்க்டு லிஸ்ட் ஆகிவிடும், லட்சம் எண் போட்டால் ரிகர்ஷன் லட்சம் படி இறங்கும். பைத்தானில் இவ்வளவுகூடத் தாங்காது, அங்கே ரிகர்ஷன் எல்லை வழக்கமாக 1000. பழகும்போது தரவைக் கலெக்ஷன்ஸ்.ஷஃபிள் போட்டுக் கலைத்துவிட்டு ஏற்றுங்கள். கலைக்காமலே சமாளிக்கும் ட்ரீ வேண்டுமென்றால் 1962-இல் வந்த ஏவிஎல் ட்ரீயிலிருந்து தொடங்கலாம். ஜாவாவின் ட்ரீ மேப் உள்ளுக்குள் ரெட் பிளாக் ட்ரீ, அதுவும் இதே வகைதான்.

ஸ்டாக், கியூ: வரிசை தலைகீழாக வருகிறது, பாதிதான் காலியாகிறது, இடமிருந்தும் நிரம்பியது என்கிறது

ஸ்டாக்கில் கடைசியாக வந்தது முதலில் போகும், கியூவில் முதலில் வந்தது முதலில் போகும். 6 இருக்கும் ஸ்டாக்கைக் காலி செய்ய ஃபார் லூப்பில் ஐ சைஸைவிடச் சிறியதாக இருக்கும்வரை பாப் என்று எழுதினால் 3-தான் போகும். ஐ ஏறுகிறது, சைஸ் இறங்குகிறது, நடுவழியில் இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. காலியாகும்வரை என்று வைல் லூப் போடுங்கள்.

அரே டெக்கை (இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற அமைப்பு) ஸ்டாக்காகப் பயன்படுத்தும்போது புஷ்ஷுக்குப் பதில் ஆட் போட்டால் அது வால் பக்கம் சேர்க்கும், பாப் தலைப் பக்கம் எடுக்கும், ஆக உங்கள் ஸ்டாக் சத்தமில்லாமல் கியூ ஆகிவிடும். எரர் வராது. புஷ் என்றால் பாப், ஆஃபர் என்றால் போல் என்று ஜோடி மாறாமல் பாருங்கள். பழைய ஸ்டாக் கிளாஸை லூப்பில் பிரின்ட் செய்தால் அடியிலிருந்து மேலே வரும், அரே டெக்கில் மேலிருந்து கீழே. பழைய ஸ்டாக் வெக்டரின் வாரிசு என்பதால் அப்படி. புதிதாக எழுதுகிறவர்கள் அரே டெக்கிலேயே பழகுவது நல்லது.

சொந்தமாக அரேயில் கியூ எழுதுகிறவர்களுக்கு: ஏலத்துக்கு வரும் படகுகளுக்கு 5 இடம் வைத்திருக்கிறீர்கள், 5 வந்தன, 3 போயின, ஆறாவது வந்தால் "கியூ நிரம்பியது" என்கிறது. பின் என்ற வேரியபிள் 4-ஐத் தொட்டுவிட்டது, முன்னால் காலியான 3 இடங்களை உங்கள் கோடு பார்க்கவே இல்லை. பின் = (பின் + 1) % 5 என்று சுற்ற விடுங்கள். சுற்ற விட்டதும் அடுத்த தலைவலி வரும், முன்னும் பின்னும் ஒரே இடத்தில் இருந்தால் காலியா நிரம்பியதா என்று தெரியாது. எண்ணிக்கைக்குத் தனியாக ஒரு வேரியபிள் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தைக் காலியாக விடும் தந்திரமும் புத்தகங்களில் உண்டு, எனக்கு எண்ணிக்கை வைப்பதுதான் பிடிக்கும், படிக்கிறவனுக்குப் பார்த்ததும் புரியும்.

அரே லிஸ்ட்டில் ஒன்றை நீக்கச் சொன்னால் வேறொன்று போகிறது

இன்டிஜர் லிஸ்ட்டில் ரிமூவ்(5) என்றால் 5 என்ற மதிப்பை அல்ல, 5-ஆம் இண்டெக்ஸை நீக்கும். மதிப்புதான் வேண்டுமென்றால் இன்டிஜர்.வேல்யூ ஆஃப்(5) என்று கொடுங்கள்.

ஃபார் ஈச் லூப்புக்குள் ரிமூவ் செய்தால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் வரும். "த்ரெட்டே போடவில்லையே, என்ன கன்கரன்ட்?" என்று கேட்பார்கள். த்ரெட் (கூடவே ஓடும் இன்னொரு வேலை) வேண்டாம், லூப் நடந்துகொண்டிருக்கும்போது லிஸ்ட்டைத் தொட்டாலே போதும். மோசமானது என்னவென்றால் சில சமயம் அந்த எரர் வராது. இரணியல், பள்ளியாடி, குழித்துறை என்று மூன்று இருக்கும் லிஸ்ட்டில் பள்ளியாடியை, அதாவது கடைசிக்கு முந்தையதை, நீக்கிப் பாருங்கள். சைஸ் 2 ஆகிவிடும், லூப்பும் 2 பார்த்து முடித்திருக்கும், எல்லாம் முடிந்தது என்று நினைத்து வெளியே வந்துவிடும், குழித்துறையைப் பார்க்கவே பார்க்காது. டெஸ்ட்டில் பாஸ், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஃபெயில். ரிமூவ் இஃப் என்ற மெத்தட் ஜாவா 8 முதல் இருக்கிறது, அதையே போடுங்கள். இண்டெக்ஸ் லூப்தான் எழுதுவேன் என்றால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள், முன்னாலிருந்து போனால் ஒன்றை நீக்கியதும் அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும், நீங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

ஹாஷ் மேப்பில் போட்டது கிடைக்கவில்லை

தோவாளைப் பூ விலைகளை ஒரு மேப்பில் (கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பு) வைக்கிறோம், கீ பூ என்ற கிளாஸ். நியூ பூ("பிச்சி") என்று போட்டு விலை கொடுத்தாயிற்று, மறுபடி நியூ பூ("பிச்சி") என்று கேட்டால் நல் வருகிறது. நமக்கு இரண்டும் பிச்சிதான். ஜாவாவுக்கு இரண்டும் வேறு வேறு நியூ, வேறு வேறு விலாசம். ஈக்குவல்ஸ் எழுத வேண்டும், அதோடு ஹாஷ் கோடும் எழுத வேண்டும், ஒன்றை மட்டும் எழுதினால் போதாது, ஏனென்றால் மேப் முதலில் ஹாஷ் கோடை வைத்து எந்த அறை என்று பார்க்கும் (தொடக்கத்தில் 16 அறை), அந்த அறைக்குள் போன பிறகுதான் ஈக்குவல்ஸைக் கேட்கும். தப்பான அறைக்குப் போனால் ஈக்குவல்ஸுக்கு வேலையே இல்லை.

இரண்டையும் எழுதியும் கிடைக்கவில்லையா? ஈக்குவல்ஸின் பாராமீட்டரைப் பாருங்கள். ஆப்ஜெக்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் பூ என்று எழுதியிருந்தால் அது ஓவர்லோடு (அதே பெயரில் வேறொரு மெத்தட்), ஓவர்ரைடு (இருப்பதை மாற்றி எழுதுவது) அல்ல, மேப் அதைக் கூப்பிடாது. மேலே ஓவர்ரைடு அனோட்டேஷனைப் போட்டிருந்தால் கம்பைலரே பிடித்துக் கொடுத்திருக்கும், சோம்பல்படாமல் எப்போதும் போடுங்கள். ஜாவா 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் பூ என்பதை ரெக்கார்டாக எழுதிவிடலாம், ஈக்குவல்ஸ், ஹாஷ் கோடு, டூ ஸ்ட்ரிங் மூன்றும் தானாக வரும். ஆனால் ஒரு தடவையாவது கையால் எழுதிப் பார்த்துவிட்டு ரெக்கார்டுக்குப் போங்கள், வைவாவில் கேட்பார்கள்.

இன்னொரு வகை: போட்ட உடனே கிடைத்தது, கொஞ்ச நேரம் கழித்துக் கிடைக்கவில்லை. மேப்பில் போட்ட பிறகு கீயின் பெயரை யாரோ மாற்றியிருப்பார்கள். ஹாஷ் மாறிவிட்டது, பொருள் பழைய அறையிலேயே இருக்கிறது. கீயாக வைக்கும் கிளாஸின் ஃபீல்டுகளை ஃபைனல் ஆக்கிவிடுங்கள்.

டோக்கன் எண் 100 சரியாக ஒத்துப்போகிறது, 200 ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் கேட்டால் பேய் பிசாசு என்று நினைக்க வேண்டாம். இன்டிஜர் ஆப்ஜெக்டுகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருக்கிறார். மைனஸ் 128 முதல் 127 வரை ஜாவா ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பத் தருகிறது, அதற்கு மேல் சாதாரணமாகப் புதுசு புதுசாக. ஈக்குவல்ஸ் போட்டால் சரி. ஸ்ட்ரிங்குக்கும் இதே வைத்தியம்.

ட்ரீ செட்டில் 10 பூ போட்டேன், 7-தான் இருக்கிறது என்றால் கம்பேர் டூ விலையை மட்டும் பார்க்கிறது, விலை ஒன்றாக இருப்பவற்றை ஒரே பூ என்று முடிவு கட்டிவிடுகிறது. விலை சமமானால் பெயரைப் பார் என்று ஒரு வரி சேருங்கள்.

சொந்த ஹாஷ் டேபிள்: இங்கிலீஷ் பெயர் போகிறது, தமிழ்ப் பெயர் போட்டால் உடைகிறது

இது நிஜமாகவே நடக்கும். "மீன்" போகும், "குமரி" போட்டால் இண்டெக்ஸ் மைனஸ் 3 என்று எக்செப்ஷன். ஸ்ட்ரிங்கின் ஹாஷ் கோடு ஒவ்வோர் எழுத்துக்கும் 31-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும், தமிழ் எழுத்துகளின் யூனிகோடு எண்கள் 3000-ஐ ஒட்டி இருப்பதால் ஐந்தாவது குறியீட்டிலேயே இன்ட்டின் எல்லையைத் தாண்டி மைனஸுக்குப் போய்விடும். குமரி என்பதில் க, உகரக் குறி, ம, ர, இகரக் குறி என்று சரியாக ஐந்து. அதன் ஹாஷ் -1464117263. டேபிள் சைஸ் 10 என்றால் ஜாவாவில் மீதி மைனஸ் 3 வரும், பைத்தானில் இதே கணக்குக்கு 7 வரும், இரண்டு மொழியும் மைனஸ் எண்ணின் மீதியை வேறு மாதிரி எடுக்கின்றன. மேத்.ஃப்ளோர் மாட் போடுங்கள். மேத்.ஆப்ஸ் போட்டாலும் கிட்டத்தட்ட எப்போதும் ஓடும், இன்ட்டின் மிகச் சிறிய எண்ணுக்கு மட்டும் அதுவும் மைனஸையே திருப்பித் தரும். சின்ன இங்கிலீஷ் பெயர்களை மட்டும் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியவே வராது, அதற்காகவே டெஸ்ட் தரவில் இரண்டு ஊர்ப் பெயரைத் தமிழில் வையுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வருகின்றன, தலைகீழாக்கினால் சிதைகின்றன, வரிசை தப்புகிறது

கேள்விக்குறி என்றால் என்கோடிங் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) கோளாறு. ஜாவா 18 முதல் யூடிஎஃப் 8 தான் வழக்கம், பழைய ஜாவாவில் கம்பைல் செய்யும்போது நாமே சொல்ல வேண்டும். விண்டோஸின் கறுப்பு ஜன்னலில் மட்டும் கேள்விக்குறி வந்தால் கோடில் குற்றமில்லை, ஜன்னலின் கோடு பேஜை 65001 ஆக்குங்கள். கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்ட் இல்லை.

ஸ்டாக் போட்டு வார்த்தையைத் திருப்பும் பயிற்சியில் குமரியைக் கொடுத்தால் முதலில் தொங்கிக்கொண்டு ஓர் இகரக் குறி, பிறகு ர, மு, க என்று வரும். க-வின் உகரம் ம-வுக்குத் தாவிவிட்டது பாருங்கள். கேரக்டர் வேறு, நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது வேறு. கேரக்டர்.கெட் டைப் ஓர் எழுத்தைச் சேர்ப்புக் குறி என்று சொன்னால் அதைத் தனியாகப் புஷ் செய்யாமல் முந்தைய எழுத்தோடு ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காகப் புஷ் செய்யுங்கள். ரிமகு என்று ஒழுங்காக வரும். ஸ்டாக்கின் டைப்பைக் கேரக்டரிலிருந்து ஸ்ட்ரிங்குக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

வரிசை தப்புவதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. கல்குளம், கன்னியாகுமரி இரண்டையும் சார்ட் செய்யுங்கள். நம் அகர வரிசையில் லகரம் முன், னகரம் கடைசி, எனவே கல்குளம்தான் முதலில். கம்பேர் டூ யூனிகோடு எண்ணைப் பார்க்கும், அங்கே னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, கன்னியாகுமரி முதலில் வந்துவிடும். றகரத்துக்கும் ழகரத்துக்கும் இதே கதை. வேலைக்கு எழுதுகிறீர்கள் என்றால் ஐசியு என்ற பன்மொழி நூலகத்தில் உள்ள, மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கொலேட்டரைப் பயன்படுத்துங்கள். பழகுவதற்கு என்றால் கஙசஞடணதநபமயரலவழளறன என்று ஒரு ஸ்ட்ரிங்கை வைத்து, ஒவ்வொரு மெய்யும் அதில் எத்தனையாவது என்று இண்டெக்ஸ் ஆஃப் போட்டுப் பார்க்கும் கம்பேரேட்டர் ஒன்றை எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டும் என்பதில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. அக்கா, அகம், அகல் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள், அக்கா முதலில் வந்தால் கம்பேரேட்டர் சரி.